குணத்தைச் சலிக்கும் சல்லடை

மலைநாட்டு மழையைப் பற்றி அறிந்தோர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை; அறியாதோர்க்குச் சொல்லிப் பயனில்லை. சென்ற விடுமுறையில் அட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, டிக்கோயாவுக்கு மேலே தோட்டமொன்றில் வாழும் எம் தங்கையின் இல்லத்தை அடைந்தோம். அன்று பிடித்த மழை மூன்று நாள் விட்டபாடில்லை. எதிர்மலை தெரியவில்லை, சில வேளைகளில் எதிர் லயமே தெரியவில்லை. வெளியே போக வழியின்றி வீட்டார் அனைவரும் அடுப்படிச் சூட்டை நாடி ஒன்றாக அமர்ந்திருந்தோம். அண்டை லயத்து அம்மையார் ஒருவரும், விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய மகனும் வந்து சேர்ந்துகொண்டனர். பேச விஷயம் தீர்ந்துபோன அவ்வேளையிலேதான், தங்கையின் மகன், பதின்மூன்று வயதுப் பையன், கைத்தொலைபேசியை நீட்டி, "மாமா, நீங்கள் என்ன டைப்?" என்று வினவினான்.

"மனிதர் என்ன தேயிலையா, டைப் பார்த்துத் தரம் பிரிப்பதற்கு?" என்று திருப்பிக் கேட்டோம்.

ஆனால் பையன் விடுவதாயில்லை. அவன் காட்டியது, இக்காலத்து மாணவர் பெரும்பாலோர் அறிந்திருக்கும் குணவகைத் தேர்வு. வரிசையாக வினாக்கள் வரும். புதியவர்களுடன் எளிதில் பழகுவீர்களா? திட்டமிட்டு வேலை செய்வீர்களா, வந்தபடி செய்வீர்களா? ஒருவரைத் திருத்தும்போது நியாயத்தைப் பார்ப்பீர்களா, அவர் மனத்தைப் பார்ப்பீர்களா? இவற்றுக்கெல்லாம் விடையளித்தால், மாந்தர் குலத்துப் பதினாறு வகைகளுள் தாம் எவ்வகை என்பதை நான்கு எழுத்துக்களாலும், அவற்றின் கீழ் நீண்டதொரு வருணனையாலும் அது தெரிவிக்கும்.

மழைக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுதினர். பையனைப் பிறவித் தலைவன் என்றது தேர்வு. காலையில் அவனைப் பாடசாலைக்கு எழுப்ப நான்கு முறை அழைக்க வேண்டியிருப்பதாகத் தாயார் சான்று கூறினார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எம் மச்சானைப் பொறுப்பான காவலர் என்றது. அவர் ஒன்றும் பேசாமல் மீசையைத் தடவிக்கொண்டார். மச்சானின் தந்தையார் இளைப்பாறிய கணக்கப்பிள்ளை. எழுபத்தெட்டு வயதினர். கண் மங்கியதால் வினாக்களைப் படித்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நன்கு யோசித்து விடை பகர்ந்தார். இளகிய மனத்தினர், பிறர் துன்பம் பொறாதவர் என்று அவருக்குத் தீர்ப்பு வந்தது. அதைக் கேட்டதும் அண்டை லயத்து அம்மையாருக்குப் புரையேறிவிட்டது. இருபது ஆண்டுக்காலம் அப்பெரியவர் முன்னிலையில் பெரட்டுக்களத்தில் நின்று கொழுந்தெடுக்கப் போனவர் அவர். பிந்தி வந்த எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்பது அவருக்கல்லவோ தெரியும்?

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய தேர்வில் விடை எழுதுகிறவரும் நாமே. விடை சரிதானா என்று சொல்கிறவரும் நாமே. பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உள்ளத்தில் அவர் இளகியவரே. பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் கண்ட கணக்கப்பிள்ளை வேறொருவர். தேர்வு கேட்டது அவரை, அவர்களை அன்று.

எப்படியாயினும், "அப்படியே இருக்கிறது", "நம்மைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கிறது" என்ற பேச்சுத்தான் எங்கும் எழுந்தது. ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் எம் மருமகள், பையனின் தமக்கை. பதினாறு வயது முடிந்தவள். சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்று, உயர்தரத்துக்கு எத்துறை எடுப்பது என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியவள். கலைத்துறையில் பயின்று, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குச் சென்று, ஆசிரியையாகத் திரும்ப வேண்டும் என்பது சிறுவயது முதலே அவள் கொண்ட ஆசை.

அவளுக்கு வந்த வருணனையை வாங்கிப் பார்த்தோம். அகமுக இயல்பினள், தனிமையை விரும்புபவள், பலர்முன் நின்று ஓயாது பேச வேண்டிய தொழில்கள் இவ்வகையினர்க்கு ஒவ்வா என்றிருந்தது. "எனக்கு வாத்தியார் வேலை சரிவராதாம், மாமா" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே. வருத்தத்தோடு சொன்னாளா, ஒரு பாரம் இறங்கியதுபோலச் சொன்னாளா என்பது எமக்கு விளங்கவில்லை. அவள் தாயாரோ, "நான் அப்போதே சொன்னேனே, அண்ணே! இவள் மூல நட்சத்திரம். நாலு பேர் வந்தால் வாய் திறக்கமாட்டாள்" என்று முடித்துவிட்டார்.

அவ்விரண்டு தீர்ப்புகளும் ஒரே மூச்சில் வந்ததுதான் எம்மை அன்றிரவு உறங்கவிடாமற் செய்தது. நான்கு எழுத்துத் தேர்வு புதியது. நட்சத்திரக் கணிப்போ பழையது. ஆயினும் மனிதரை வகைப்படுத்தும் ஆசை இரண்டுக்கும் பொது. எம்முடைய முன்னோர் இருபத்தேழு நட்சத்திரங்களையும் தேவகணம், மனுஷகணம், ராட்சசகணம் என ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, பிறந்த நாளைக்கொண்டே சுபாவத்தைச் சொன்னார்கள். மூலம் ராட்சசகணத்தில் விழுகின்றது. மூலத்திற் பிறந்த ஆண் அரசாளுவான் என்ற நாவே, மூலத்திற் பிறந்த பெண்ணைப் பற்றிச் சொல்லும் பழமொழியை நாம் இங்கு எழுதப்போவதில்லை. அப்பழமொழியால் மணமேடை காணாமற் போன மங்கையர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். வைத்தியர்கள் உடலை வாதம், பித்தம், கபம் என்று பிரித்ததோடு நில்லாமல், பித்த உடம்பினர் கோபக்காரர் என்று மனத்துக்கும் சேர்த்தே முத்திரை குத்தினர்.

இவையெல்லாம் பொருந்துவதுபோல் ஏன் தோன்றுகின்றன? அதைச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவதே மேல் என்று எண்ணினோம். மறுநாட் காலை, முந்திய நாள் அனைவரும் அளித்த விடைகளைக் கொண்டு நாமே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குணக்குறிப்பு எழுதியிருப்பதாகச் சொல்லி, ஏழு பேருக்கும் ஏழு தாள்களை மடித்துக் கொடுத்தோம். பிறருக்குக் காட்டாமல் படித்து, எவ்வளவு பொருந்துகின்றது என்பதை 5க்கு இத்தனை என மார்க்கிட்டுத் தரும்படி கேட்டுக்கொண்டோம். தாளில் நாம் எழுதியிருந்தது இதுதான்:

"தாங்கள் வெளியே அமைதியாகத் தோன்றினும் உள்ளத்தில் பல எண்ணங்கள் அலைமோதும். பிறர் செய்த உதவியைத் தாங்கள் மறப்பதில்லை. தாங்கள் செய்த உதவியைச் சிலர் மறந்ததுண்டு. சில வேளைகளில் சிக்கனமாயிருப்பீர்கள். மனம் வைத்தால் கணக்குப் பாராமற் கொடுப்பீர்கள். தங்கள் திறமைக்கு ஏற்ற இடம் இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. எளிதில் கோபம் கொள்ளீர். கொண்டால் அதில் நியாயம் இருக்கும். குடும்பத்தின் பொருட்டுத் தங்கள் விருப்பம் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதை எவரிடமும் முழுவதும் சொன்னதில்லை."

இருவர் 5 மார்க்கு இட்டனர். நால்வர் 4 இட்டனர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் அண்டை வீட்டு இளைஞர் மட்டும் 3 இட்டார். அவருடைய தாயார் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசி வாக்கியத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கதையை இவருக்கு யார் சொன்னது?" என்று எம் தங்கையிடம் மெல்லக் கேட்டது எம் காதிலும் விழுந்தது. செய்வது சரிதானா என்று ஒரு கணம் எமக்கே கூச்சமாகப் போயிற்று.

பின்னர், தாள்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் படிக்கச் சொன்னோம். ஏழு தாளிலும் ஓர் எழுத்துக்கூட வேறுபடவில்லை என்பது தெரிந்ததும் எழுந்த சிரிப்பில் கூரைத்தகரமே அதிர்ந்தது. பெரியவர் மாத்திரம் அசையவில்லை. "மற்றவர்களுக்குத் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது, தம்பி. எனக்காகத்தானே முதலில் எழுதினீர்கள்?" என்றார். அவருக்கு இன்றுவரை எம்மால் மறுமொழி கூற முடியவில்லை.

இந்த விளையாட்டு எம் சொந்தச் சரக்கன்று. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியற் பேராசிரியர் தம் வகுப்பு மாணவர் 39 பேருக்கு ஒரு குணத்தேர்வு வைத்தார். ஒரு வாரங்கழித்து ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரிட்ட குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி மதிப்பு 4.26. அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதையும் அவர் பெரும்பாலும் கடையில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்தே எடுத்திருந்தார். 1949இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். எல்லார்க்கும் ஏதாவது வைத்திருப்பதாகப் பேர்பெற்ற பார்னம் என்னும் சர்க்கஸ் முதலாளியின் பெயரைப் போல் மீல் என்ற உளவியலாளர் 1956இல் இதற்குச் சூட்டினார். அன்றிலிருந்து பார்னம் விளைவு என்றே வழங்குகிறது.

இதனினும் கொடியதொரு வேடிக்கையைப் பிரான்சு தேசத்திலே மிஷேல் கோக்லான் என்பவர் 1968இல் செய்தார். இலவசமாகச் சாதகபலன் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் இட்டு, எழுதிக் கேட்ட 150 பேருக்கு ஒரே பலனை அனுப்பினார். நூற்றுக்கு 94 பேர் அதில் தம்மையே கண்டதாக மறுமொழி எழுதினர். அனுப்பிய பலனோ, பலரைக் கொலைசெய்த குற்றத்துக்காக 1946இல் சிரச்சேதம் செய்யப்பட்ட மார்செல் பெட்டியோ என்ற மருத்துவனின் பிறந்த நேரத்துக்குக் கணித்தது!

"அப்படியானால் பதினாறு வகையும் வெறும் ஏமாற்றா, மாமா?" என்று மருமகள் கேட்டாள். முதல்நாள் முழுதும் பேசாதிருந்தவள் அவள்தான்.

இதற்கு ஆம் என்று விடை கூறிவிட்டால் நாமும் ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்தவர்களாவோம். அவள் எழுதிய தேர்வின் மூலம் கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர். அகமுகம், புறமுகம் என்ற பாகுபாட்டை 1921இல் தம் நூலொன்றில் அவர் விரித்துரைத்தார். அவர் மலைநாட்டுக்குப் புதியவருமல்லர். 1938இல் இந்தியப் பயணத்தை அடுத்து இலங்கைக்கும் வந்து, கண்டி தலதா மாளிகையில் மாலைவேளை முரசொலியைக் கேட்டு மெய்மறந்தவர். முழுவதும் அகமுகமானவரோ முழுவதும் புறமுகமானவரோ உலகில் இல்லை என்பதே அவர் கொண்ட கருத்து. அவர் நூலைப் பயின்ற காதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும், அவர் மகள் இசபெல் மையர்ஸ் என்பவரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அக்கருத்துக்களை வினாத்தாள் ஆக்கத் தொடங்கினர். இருவரும் உளவியலை முறைப்படி கற்றவரல்லர். மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு பெற்றவர். 1962இல் அத்தேர்வு அச்சாகி வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. பையனின் கைத்தொலைபேசியில் இலவசமாக வந்தது அதன் தூரத்து உறவு.

அத்தேர்வு அளக்க முற்படும் குணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. சிலர் கலகலப்பானவர், சிலர் அடக்கமானவர் என்பது யாவரும் கண்கூடாகக் காண்பது. இன்றைய உளவியலாளர் பலரும் ஏற்கும் ஐங்குண அளவையிலும் புறமுகம் ஒன்றாக இடம்பெற்றிருக்கின்றது. தவறு அளப்பதில் அன்று. அளந்தபின் வெட்டுவதில் இருக்கின்றது. அதை விளக்க எமக்குச் சொல் வராமல் திண்டாடியபோது, தொழிற்சாலைக்காரரான மச்சான்தான் கைகொடுத்தார்.

கொழுந்து மடுவத்திலிருந்து வந்த பச்சைக் கொழுந்தை வாட்டுவார்கள், வாட்டியதை உருட்டுவார்கள். உருட்டியதைச் சலிக்கையில் விழும் நுண்ணிய பாகத்தைத் தோட்டத்தார் தூள் என்றனர். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஆங்கிலத்திலும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். பிறகு புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்தி, கண் அளவு வேறுபட்ட சல்லடைகளில் விட்டால், ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் எனப் பெயர்கள் பிறக்கின்றன. "இந்தப் பெயரெல்லாம் துணுக்கின் பருமனைச் சொல்லுமே தவிர ருசியைச் சொல்லாது, மச்சான். ருசி தெரிய ஊற்றிக் குடித்துப் பார்க்க வேண்டும். ஒரே செடி, ஒரே கொழுந்து. சல்லடைக் கண் ஒரு மயிரிழை மாறினால் பி.ஓ.பி.யில் விழுந்தது பி.ஓ.பி.எஃப்.இல் விழும்" என்றார் அவர்.

அதேதான் செய்தி. குணவகைத் தேர்வில் ஒருவர் பெறும் புள்ளி, கோலில் ஓர் இடம். மாந்தரில் மிகப் பலர் அக்கோலின் நடுப்பகுதியிலேயே திரண்டிருக்கின்றனர். இரு முனைகளிலும் இருப்போர் சிலரே. தேர்வோ நடுவில் ஒரு கோடு கிழித்து, இப்பக்கம் அகமுகம், அப்பக்கம் புறமுகம் என்கின்றது. கோட்டுக்கு அருகே நிற்பவர் இன்றைக்கு ஒரு வினாவுக்கு வேறுவிதமாக விடையளித்தால் எழுத்து மாறிவிடும். ஐந்து வாரங் கழித்து மீண்டும் எழுதச் சொன்னபோது ஏறத்தாழப் பாதிப்பேர் வேறு வகைக்கு மாறிவிட்டதாகக் கண்ட ஆய்வுகள் உண்டு. ஐந்து வாரத்தில் மனிதர் மாறினரா? கோடுதான் ஆட்டுவிக்கிறது. வேலைக்கு ஆளைத் தெரிந்தெடுக்க இத்தேர்வைப் பயன்படுத்துவது முறையன்று என்று, அதைப் பேணிவரும் நிறுவனத்தாரே சொல்கின்றனர். இலவசத் தேர்வுகள் இந்த எச்சரிக்கையை எடுத்துவரவில்லை. எழுத்துக்களை மட்டும் எடுத்துவந்திருக்கின்றன.

மருமகள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு ஒரு வினா எழுப்பினாள். "மாமா, கூட்டத்தில் பேசத் தயங்குவீர்களா என்று கேட்டிருந்தது. எந்தக் கூட்டத்தை நினைத்து விடை எழுத வேண்டும்?"

எத்துணை நல்ல கேள்வி! பல ஆண்டுகள் உளவியற் பேராசிரியர்களை ஆட்டிவைத்த கேள்வியும் அதுவே. 1928இல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நேர்மையைச் சோதித்தனர். பரீட்சைத்தாளில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை. பணத்தைத் தொடாத பிள்ளை வீட்டுப்பாடத்தில் பொய் எழுதியது. நேர்மையான பிள்ளை, நேர்மையற்ற பிள்ளை என்று இரண்டாகப் பிரிக்க இயலாமற் போயிற்று. 1968இல் வால்ட்டர் மிஷல் என்ற அறிஞர், ஒருவர் எவ்வாறு நடப்பார் என்பதை அவர் குணத்தின் பெயரைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது, அவர் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று எழுதியபோது பெரும் சர்ச்சை மூண்டது. ஒருவரைத் தெரிந்து தெளிவதற்கென்றே தனியதிகாரம் வகுத்த வள்ளுவரும், ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல்லாக வைத்தது அவரவர் செயலையேயன்றி வேறொன்றையும் அன்று.

"எந்தக் கூட்டத்தை நினைத்து நீ எழுதினாய்?" என்று கேட்டோம். அட்டனில் அவள் பயிலும் பாடசாலை மண்டபத்தை நினைத்தாளாம். நகரத்துப் பிள்ளைகள் முன்னிலையில் எழுந்து பேசும்போது, தோட்டத்துப் பிள்ளை என்பது தன் பேச்சிலே தெரிந்துவிடுமோ என்று நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம். இதைச் சொன்னபோது தாயார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். மூல நட்சத்திரத்தைப் பற்றி அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை.

நாக்கு ஒட்டிக்கொள்வது குணம் என்று பெயர் பெற்றுவிடுகிறது. அதை ஒட்டவைத்தது எது என்று எவரும் கேட்பதில்லை. இந்த மலைகளில் வாழ்வோர்க்கு இது புதிதன்று. ஒரு சமூகம் முழுவதற்குமே குணக்குறிப்பு எழுதி ஒட்டியவர்கள் இருந்தார்கள். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்னர் வந்தவர்களும், அவர்தம் பிள்ளைகளும் அடங்கிப்போகும் இயல்பினர் என்று துரைமார் எழுதிவைத்தனர். அடக்கம் அவர்களுடைய பிறவிக்குணமாம்! கங்காணியிடம் பட்ட கடனும், துண்டுச்சீட்டு இல்லாமல் வேறு தோட்டம் போக இயலாத நிலையும் குணக்குறிப்பில் இடம்பெறவில்லை. 1931இல் அட்டனிலே நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் உயிர்துறந்தார். அடங்கிப்போகும் வகையினர் செய்யக் கூடிய காரியங்களா இவை? சல்லடையைப் பிடித்த கை யாருடையது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தச் சமயத்தில் அண்டை லயத்து அம்மையார் பேச்சிற் கலந்துகொண்டார். நாளுக்குரிய கொழுந்து நிறுவையில் குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர் விழும் என்பது வாசகர் பலர் அறிந்ததே. ஒரு நாட் கூலியைப் பேர் என்றே தோட்டத்தில் சொல்வார்கள்; குறைந்தால் அது பாதியாகும். "எனக்கு ஒரு வருசம் அடுத்தடுத்து அரைப்பேர்தான் விழுந்தது, ஐயா. கை மெதுவான ஆள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் விட்ட இவன் அப்போது காய்ச்சலாய்க் கிடந்தான். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் ஓடி ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவேன். அடுத்த வருசம் மலையிலேயே முதல் நிறுவை என்னுடையது" என்றார். பல்கலைக்கழக மாணவரான மகன் இதை முன்பு கேட்டிருக்கவில்லை என்பது அவர் முகத்திலே தெரிந்தது. கணக்கப்பிள்ளைப் பெரியவர் எதையோ நினைவுகூர்பவர்போல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நான்காம் நாள் பிற்பகல் மழை ஓய்ந்தது. வெயில் விழுந்து மலைகள் கழுவிவைத்த பாத்திரங்கள்போலப் பளிச்சிட்டன. காலாற நடந்து வரலாம் என்று பாதைத் திருப்பம்வரை சென்று திரும்புகையில், லயத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது. பின்னங்களைக் கூட்டும் முறையை எவரோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதட்டல் இருந்தது, இடையிடையே ஒரு வேடிக்கைப் பேச்சும், அதைத் தொடர்ந்து பிள்ளைகளின் கூட்டுச் சிரிப்பும் இருந்தன. அருகே வந்து பார்த்தால் எம் மருமகள்! இஸ்தோப்பிலே பாயை விரித்து, எட்டோ ஒன்பதோ பிள்ளைகளை இருத்தி, சுவரில் கரித்துண்டால் எழுதிக்கொண்டிருக்கிறாள். பாடசாலை உள்ள நாட்களில் மாலைதோறும் இவ்வகுப்பு நடப்பதாகவும், மழையினால் நின்றிருந்ததாகவும் பிறகே அறிந்தோம். வீட்டில் ஒருவரும் இதைப்பற்றி எம்மிடம் பிரஸ்தாபிக்கவில்லை. அவர்களுக்கு அது சொல்லவேண்டிய ஒரு விஷயமாகவே தோன்றவில்லை போலும்.

அன்றிரவு அவள் தம்பியிடமிருந்து கைத்தொலைபேசியை வாங்கி, அதே தேர்வை மறுபடியும் எழுதினாள். நாம் சொல்லியன்று, தானாகவேதான். முடித்துவிட்டு எம்மிடம் காட்டினாள். பின்னைய மூன்று எழுத்துக்களும் அப்படியே இருந்தன. முதலெழுத்து மட்டும் மாறியிருந்தது.

"இந்தமுறை யாரை நினைத்து எழுதினாய்?"

"இஸ்தோப்புப் பிள்ளைகளை நினைத்து எழுதினேன், மாமா" என்றாள். சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து பாடசாலைப் படிவத்தை எடுத்துக்கொண்டு விளக்கடியில் போய் அமர்ந்தாள்.

"எனக்கும் இன்னொருதரம் பார்" என்று பெரியவர் பேரனை அழைத்தார். பையன் முதல் வினாவைப் படிக்கத் தொடங்குவதற்குள், "கொஞ்சம் பொறு, தம்பி. இந்தத்தடவை கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு நான் விடை சொல்கிறேன்" என்று அண்டை லயத்து அம்மையார் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னே வந்தார்.